பாய்மரப் படகில் போகும் நாங்கள் கடல் ஆய்வுக்கு உருப்படியாக என்ன செய்ய முடியும்?

அலைவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நானும் என் மனைவியும் 9 மீட்டர் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். விடுமுறை கிடைத்தால் கரையை ஒட்டிப் போய் வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பையெல்லாம் சேர்த்துக்கொண்டு நீளமான பயணம் போவோம், அதில் சில சமயம் இன்னொரு நாட்டுக் கடலுக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கும். இவ்வளவு நேரம் கடலில் இருக்கிறோம், எத்தனையோ பார்க்கிறோம், எல்லாம் போன் கேலரியோடு முடிந்துபோகிறதே என்று கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆய்வுக் கப்பலைக் கடலில் ஓட்டப் பெரும் செலவு ஆகும், ஆய்வாளர்களால் எல்லா இடத்துக்கும் போக முடிவதில்லை, பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுபவர்கள் கைகொடுக்கலாம் என்று படித்தேன். செய்ய ஆசைதான்.

ஆனால் சில சந்தேகங்கள். நாங்கள் எடுத்து அனுப்பும் அளவுகளை ஆய்வாளர்கள் நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா, இல்லை நம் ஆர்வம் வீணாகக்கூடாதே என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? படகில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஒரு நல்ல கேமரா இருக்கிறது, அதற்குமேல் பெரிய கருவி வாங்க வசதி இல்லை. இருப்பதே இரண்டு பேர், ஒருவர் சுக்கானைப் பிடித்தால் மற்றவர்தான் பாயையும் பார்க்க வேண்டும், இதில் எதைச் செய்தால் படகோட்டத்துக்கு இடைஞ்சல் வராது? அப்புறம் மற்ற நாட்டுக் கடலில் தண்ணீர் எடுத்தால் சட்டச் சிக்கல் வருமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நெடுங்கடல் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள். கடல் ஆய்வு வளர்ந்ததே பெரிய அளவுக்கு மற்றவர்களின் கப்பல்களில் தொற்றிக்கொண்டுதான். அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மௌரி 1840களில் கப்பல்களின் பழைய லாக் புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு, காற்றும் நீரோட்டமும் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்று வரைபடம் போட்டார். தங்கள் குறிப்புகளை அனுப்பும் மாலுமிகளுக்கு அந்த வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தார். அப்புறம் ஆலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர். பிளாங்க்டன், அதாவது நீரோட்டத்தோடு மிதந்து போகும் சின்ன உயிர்கள், அவற்றைப் பதிய அவர் வடிவமைத்த கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் தங்கள் வழக்கமான பாதையில் போகும்போதே பின்னால் கட்டி இழுத்து வருகின்றன. உள்ளே ஒரு பட்டுத் துணி மெல்ல நகரும், தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் படிந்துவிடும், எந்த இடத்தில் எது படிந்தது என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். அந்தத் தொடர் இன்றைக்கும் ஓடுகிறது. சொந்தப் படகுக்காரர் உதாரணம் வேண்டும் என்றால் சார்ல்ஸ் மூர். 1997ல் ஹவாயில் ஒரு படகுப் போட்டி முடிந்து கலிபோர்னியா திரும்பும் வழியில் வட பசிபிக் நடுவில் நாள்கணக்கில் பிளாஸ்டிக் மிதப்பதைப் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் வலையுடன் திரும்பப் போய் அளந்தார். அவர் குழு 2001ல் வெளியிட்ட கட்டுரையில், மேற்பரப்பில் இழுத்த வலைகளில் பிளாஸ்டிக்கின் எடை பிளாங்க்டன் எடையைப் போல ஆறு மடங்கு இருந்ததாக வந்தது. குப்பைத் திட்டு என்று இன்று எல்லோரும் பேசுவதற்கு அந்தப் பயணம் ஒரு முக்கியக் காரணம்.

இருவர் மட்டும் போகும் படகுக்கு நான் முதலில் சொல்வது செக்கி வட்டு. 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளை வட்டு, அடியில் எடை, மேலே அளவு குறித்த கயிறு, அவ்வளவுதான். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, 1865ல் போப்பாண்டவரின் கப்பலில் இருந்து இதை இறக்கிப் பார்த்தார். முறை இன்றுவரை மாறவில்லை. வட்டு எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்பதுதான் அளவு. கரையிலிருந்து வரும் வண்டல் இல்லாத கடலில் அந்த ஆழத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாவர பிளாங்க்டன். அது அதிகமானால் வட்டு சீக்கிரம் மறையும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்வது, அதனால் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது சின்னக் கேள்வி இல்லை. 2010ல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, பழைய செக்கி அளவுகளையும் பச்சைய அளவுகளையும் சேர்த்து, தாவர பிளாங்க்டன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்து வருவதாகச் சொன்னது. வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள், இரண்டு விதமாக அளந்ததை ஒன்றாகக் கலந்ததால் வந்த தோற்றம் இது என்பது அவர்கள் வாதம். அந்த விவாதத்துக்குப் பிறகு 2013ல், ரிச்சர்ட் கெர்பி என்ற பிளாங்க்டன் ஆய்வாளர் முன்னின்று, உலகெங்கும் படகுக்காரர்கள் ஒரே மாதிரி வட்டு செய்து ஒரு போன் செயலி வழியாக அளவை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நடுக்கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இடத்தைப் போன் குறித்துக்கொள்ளும், கரைக்கு வந்த பிறகு அனுப்பலாம்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். வெயில் உச்சியில் இருக்கும் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் செய்யுங்கள். பாயைத் தளர்த்தியோ, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்குத் திருப்பியோ படகை நிறுத்துங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வட்டு இறங்க இறங்க வெள்ளை முதலில் இளம்பச்சையாகவோ நீலமாகவோ மாறும், அப்புறம் விளிம்பு கரையும், கொஞ்ச நேரம் அங்கே ஏதோ இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு திட்டு மட்டும் நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். அது போன இடத்தில் நீர்மட்டத்தை ஒட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அளவைப் படியுங்கள். கயிறு சாய்வாகப் போனால் படகு நகர்கிறது என்று அர்த்தம், அந்த அளவை எழுத வேண்டாம், திரும்பச் செய்யுங்கள். தரை தெரியும் ஆழமற்ற இடத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் இதற்குப் பயன் இல்லை. படகை நிறுத்திக் கிளப்புவது உட்பட எல்லாம் சேர்ந்து ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

அடித்தரை எழுதியது:

நெடுங்கடல் சொன்னது சரி, ஆனால் எக்கோ சவுண்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். படகு ஓடும்போது கை வைக்கவே தேவையில்லாத வேலை அது.

2030க்குள் உலகக் கடல் தரை முழுவதையும் வரைபடமாக்க வேண்டும் என்று சீபெட் 2030 என்ற திட்டம் 2017ல் தொடங்கியபோது, நேரடியாக அளக்கப்பட்ட தரை வெறும் 6 சதவீதம். 2025ல் அது 27 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. மீதி இடங்களில் வரைபடத்தில் தெரியும் மேடும் பள்ளமும் பெரும்பாலும் செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவை வைத்துக் கணித்தவை. நம் சவுண்டர் சில நூறு மீட்டருக்கு மேல் எட்டாதுதான், ஆனால் கரையோர ஆழமற்ற பகுதிகளில் பெரிய ஆய்வுக் கப்பல் நுழையச் சிரமப்படுகிறது, நாமோ அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு, அதாவது ஐஎச்ஓ, இப்படிப் படகுகளிடமிருந்து ஆழ அளவு திரட்டுவதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் கம்பியில் சின்னதாக ஒரு பதிவுப் பெட்டியைச் செருகிவிட்டால் இடம், நேரம், ஆழம் மூன்றையும் அதுவே எழுதிக்கொண்டு வரும். சில திட்டங்கள் பெட்டியைத் தன்னார்வலர்களுக்கு அவர்களே கொடுக்கிறார்கள், சில வரைபடச் செயலிகளில் விருப்பத்தைத் தட்டிவிட்டாலே போதும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். சவுண்டரின் உணரி படகின் அடியில் எங்கே இருக்கிறது, நீர்மட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே, ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து முன்னே பின்னே எவ்வளவு தூரம், இதையெல்லாம் படகு கரையேறி நிற்கும்போது டேப் வைத்து அளந்து எழுதுங்கள். திரையில் காட்டும் ஆழம் நீர்மட்டத்திலிருந்தா, உணரியிலிருந்தா, கீலின் (படகின் அடியில் நீளும் தண்டின்) அடியிலிருந்தா என்பதையும் அமைப்பில் போய்ப் பாருங்கள். படகுக்குப் படகு அது வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு வரி இல்லையென்றால் அளவு முழுவதும் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும், பார்ப்பவருக்குத் தெரியவும் வராது. ஓதத்துக்காக (கடல்மட்டம் ஏறி இறங்குவதற்காக) நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டாம். கருவி சொன்னதை அப்படியே நேரத்தோடு கொடுங்கள், திருத்துவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வால்துடுப்பு எழுதியது:

கேமரா இருக்கிறது என்றால் திமிங்கிலத்தை மறக்க வேண்டாம்! கூன்முதுகுத் திமிங்கிலம் ஆழத்துக்கு முங்கும்போது வாலைத் தூக்கும், அந்த வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டும் விளிம்பின் வெட்டுகளும் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது. 2015ல் தொடங்கிய ஹேப்பிவேல் என்ற தளத்தில் படத்தை ஏற்றினால் கணினி ஒப்பிட்டுப் பார்த்து, இதே விலங்கை முன்பு யார் எங்கே பார்த்தார்கள் என்று சொல்லிவிடும். குட்டி ஈனும் வெதுவெதுப்பான கடலில் ஒருவர் எடுத்த படமும், இரை தேடும் குளிர்க் கடலில் இன்னொருவர் எடுத்த படமும் இப்படித்தான் ஒன்று சேர்கின்றன. படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வாலின் அடிப்பக்கம் தெரிந்தால் போதும். கேமராவின் கடிகாரத்தை மட்டும் ஜிபிஎஸ் நேரத்தோடு சரிபார்த்து வையுங்கள்.

படத்துக்காகக் கிட்டே போகவே போகாதீர்கள். பல நாடுகளில் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி, சில இனங்களுக்கு அதைவிட அதிகம். அதற்கு நேர் முன்னாலும் போக வேண்டாம், பின்னாலும் துரத்த வேண்டாம். பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெதுவாகப் போங்கள். குட்டி கூட இருந்தால் விலகிவிடுங்கள்.

மிதவை எழுதியது:

நான் பிளாங்க்டன் தரவுகளோடு வேலை செய்பவள். தன்னார்வலர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் பக்கத்தில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்குக் கிடைப்பதில் அதிகம் குறைவது துல்லியம் இல்லை, எப்படி அளந்தீர்கள் என்ற விவரம். இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கடல் மேற்பரப்பு வெப்பநிலையின் பழைய பதிவுகளில் 1945 வாக்கில் உலக சராசரி திடீரென்று சுமார் 0.3 டிகிரி சரிந்தது போல் இருந்தது. பல காலம் அதை இயற்கையான மாற்றம் என்றே எடுத்துக்கொண்டார்கள். 2008ல் வந்த ஒரு ஆய்வுதான் காரணத்தைக் காட்டியது. போர்க்காலத்தில் அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தன, அவர்கள் எந்திரத்துக்குள் இழுக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்தார்கள், எந்திர அறைச் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு ஏறியது, அவர்கள் வாளியில் மொண்டு அளந்தார்கள், மேல்தளத்துக்கு வருவதற்குள் ஈரம் ஆவியாகித் தண்ணீர் குளிர்ந்துவிடும். சரிந்தது கடல் இல்லை, அளக்கும் முறை மாறியிருந்தது. அந்த மாலுமிகள் ஒவ்வொருவரும் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார்கள். வாளியா எந்திரமா என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு சொல் இருந்திருந்தால் அத்தனை ஆண்டு குழப்பம் வந்திருக்காது. ஆகவே நீங்கள் வெப்பநிலை குறித்தால், படகின் அடியில் இருக்கும் உணரியா, வாளியா, என்ன ஆழம், எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, எதுவும் இல்லை என்பதும் எங்களுக்குத் தகவல்தான். ஜெல்லி மீனையோ கடற்பாசித் திட்டையோ பார்த்த அன்று எல்லோரும் எழுதுகிறார்கள், பார்க்காத அன்று யாரும் எழுதுவதில்லை. காலை முழுக்கக் கவனித்தும் கண்ணில் படவில்லை என்று, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பார்த்தீர்கள் என்பதோடு வந்த குறிப்பு எனக்கு ஒரு அழகான படத்தைவிட உதவும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்பதுதான் உங்கள் பலம். செயற்கைக்கோள் மேகத்துக்கு அடியில் பார்க்காது, கரையை ஒட்டிய கலங்கல் நீரில் அதன் நிறக் கணக்கும் தடுமாறும். ஆய்வுக் கப்பலோ அந்தப் பக்கம் எப்போதாவதுதான் வரும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1982ல் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள்ளும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்திலும் கடல் அறிவியல் ஆய்வு செய்ய அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும், விவரங்களை ஆறு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். படகு சின்னது, நாங்கள் தன்னார்வலர்கள் என்பது அங்கே பதில் ஆகாது. எதை ஆய்வு என்று கொள்வது என்பதில் நாட்டுக்கு நாடு பார்வை மாறுகிறது. ஆழம் பதிவதற்குச் சில நாடுகள் வெளிப்படையாகச் சம்மதம் சொல்லியிருக்கின்றன, சில நாடுகள் அனுமதிப்பதில்லை. தண்ணீர் மாதிரி, உயிரி மாதிரி, மரபணு மாதிரி என்று போனால் ஒரு நாட்டின் மரபணு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய நகோயா நெறிமுறை என்று இன்னொன்றும் குறுக்கே வரும். ஆகவே மற்ற நாட்டுக் கடலில் எதைச் செய்வதாக இருந்தாலும் திட்டத்தை நடத்துபவரிடம் இந்தக் கடலுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிப் படகிலேயே வையுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் எல்லைக்குள் நுழையும் முன் பதிவுப் பெட்டியை அணைத்துவிடுங்கள்.

அலைவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. 1945 விஷயத்தைப் படித்த பிறகு எங்கள் லாக் புத்தகத்தில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுவிட்டோம். மனைவிக்கு செக்கி வட்டில் ஆர்வம், எனக்கு ஆழப் பதிவில். இரண்டையும் எங்கள் வழக்கமான பாதையில் தொடங்குகிறோம். மைக்ரோபிளாஸ்டிக் வலை இழுப்பதையும் பிளாங்க்டன் வலையையும் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லையே, அது எங்கள் அளவுப் படகுக்கு ஒத்துவருமா?

நெடுங்கடல் எழுதியது:

ஒத்துவரும், ஆனால் அதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வலை இரண்டு மூன்று நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் அரை மணி நேரம் போல ஒரே சீராகப் போக வேண்டும், வேகம் கூடினால் வலை குதிக்கும். படகின் அலைத்தடத்துக்கு வெளியே, பக்கவாட்டில் கம்பு நீட்டி இழுக்க வேண்டும். காற்று ஏறினால் இரண்டு பேர் போதாது. நீளமான பயணத்தில் மூன்றாவது ஆள் இருக்கும்போது பாருங்கள். அதேபோல் கடல் நீரோட்டத்தை அளக்கும் மிதவைக் கருவிகளை நடுக்கடலில் இறக்கிவிடும் வேலையையும் பாய்மரப் படகுகளிடம் கொடுக்கிறார்கள். 2020ல் கிளம்பிய வான்டே குளோப் என்ற, உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் போட்டியில்கூடச் சில வீரர்கள் கருவிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் ஆர்கோ மிதவை என்றால் 20 கிலோ போல இருக்கும், 2000 மீட்டர் வரை முங்கி எழுந்து ஏறக்குறைய 10 நாளைக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். கப்பல்கள் அதிகம் போகாத பாதையில் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மிதவை எழுதியது:

நெடுங்கடல் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு பகுதியைத் தவிர. பிளாங்க்டன் வலை சின்னதும் உண்டு, படகு நிற்கும்போது செங்குத்தாக இறக்கி ஏற்றுவது, அதை இருவரே செய்யலாம். மைக்ரோபிளாஸ்டிக்தான் கடினம், காரணம் இழுப்பது இல்லை, நம்மிடமிருந்தே கலப்படம் ஆவது. பாய், கயிறு, மழைச்சட்டை, ஃபிளீஸ் எல்லாமே செயற்கை இழை, படகின் பெயின்ட் செதிலும் வலையில் விழும். மாதிரி எடுக்கும்போது பருத்தி உடை போடுங்கள், உங்கள் கயிற்றிலும் பாயிலும் பெயின்டிலும் துளித்துளி எடுத்து உறையில் போட்டு மாதிரியோடு அனுப்புங்கள், ஆய்வகத்தில் அதை வைத்துக் கழித்துவிடுவார்கள். எந்த வலையானாலும் அடுத்த துறைக்குப் போகும் முன் நன்னீரில் அலசி முழுக்கக் காய வையுங்கள், இல்லையென்றால் ஓரிடத்து லார்வாவை இன்னோரிடத்தில் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

வட்டு செய்யப் போகிறீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. பளபளப்பு இல்லாத மங்கல் வெள்ளையாக இருக்கட்டும், கீறல் விழுந்து மஞ்சளானால் மாற்றிவிடுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் நீளாத கயிறாகவோ நாடா அளவுகோலாகவோ எடுங்கள். கயிறு என்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, எடையைத் தொங்கவிட்டபடி அளந்து குறி போடுங்கள், கயிறு கட்டும் இடத்திலிருந்து இல்லாமல் வட்டின் மேற்பரப்பிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.